'பெண் 1' கோபப்படுகிறாளா, சிரிக்கிறாளா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கும் என் மகள், நியூயார்க்கில் உள்ள நவீன கலை அருங்காட்சியகத்துக்கு என்னை அழைத்துச் சென்றாள். அங்கே வில்லெம் டி கூனிங் வரைந்த 'பெண் 1' என்ற பெரிய ஓவியத்தின் முன் எங்களுக்குள் வாக்குவாதமே வந்துவிட்டது. அந்தப் பெண் கடுங்கோபத்தில் இருக்கிறாள் என்றேன் நான். இல்லை, பல் தெரியச் சிரிக்கிறாள் என்றாள் மகள். வரைந்தவருக்குப் பெண்கள் என்றாலே ஆகாது போலிருக்கிறது, ஆத்திரத்தில் வண்ணத்தை அள்ளி வீசியிருக்கிறார் என்றார் மருமகன். நவீன ஓவியத்தில் அவரவருக்குத் தோன்றுவதே பொருள் என்று ஊர் திரும்பியதும் தோழி சமாதானம் சொல்கிறாள். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைப் பற்றிய தொல்காப்பியப் பகுதியான மெய்ப்பாட்டியலைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஆனால் இந்த உருவத்தில் எந்த மெய்ப்பாட்டைக் காண்பது என்று எனக்கு விளங்கவில்லை. இத்தகைய படத்தில் உணர்ச்சியை எப்படி அறிந்துகொள்வது?

பதில்:

மதிப்பிற்குரிய அம்மையீர்,

உங்கள் கடிதத்தில் உணர்ச்சி என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் பேசப்படுகின்றன. நீங்களும் உங்கள் மகளும் படத்தில் இருக்கும் பெண்ணின் உணர்ச்சியைப் பற்றி வாதிட்டிருக்கிறீர்கள். மருமகன் வரைந்தவரின் உணர்ச்சியைப் பற்றிப் பேசியிருக்கிறார். தோழி சொல்வதோ பார்ப்பவரின் உணர்ச்சி. ஆளை உள்ளபடி காட்டும் உருவப்படத்தில் இந்த மூன்றும் தாமாகவே பிரிந்து நிற்பதால் நமக்குச் சிக்கல் எழுவதில்லை. உருவமும், எதையும் குறிக்காத வண்ணமும் கோடுமான அரூபமும் கலந்த இத்தகைய படத்தில் இவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்கின்றன. எனவே இவற்றைப் பிரித்துப் பார்ப்பதிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டும். மருமகனின் கருத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது மட்டுமே ஆவணங்களைக் கொண்டு சரிபார்க்கக் கூடியது.

டி கூனிங் இந்தப் படத்தை 1950-இல் தொடங்கினார். முடிக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. 1904-இல் ராட்டர்டாமில் பிறந்து, அங்கேயே முறையாக ஓவியம் பயின்று, 1926-இல் கப்பலில் ஒளிந்து அமெரிக்கா வந்து, வீடுகளுக்கு வண்ணம் அடிக்கும் வேலையும் வணிக ஓவிய வேலையும் செய்து பிழைத்தவர் அவர். தூரிகையையும் வண்ணத்தின் குணத்தையும் ஒரு தொழிலாளிக்கு உரிய நுட்பத்தோடு அறிந்தவர். இந்த ஒரு படத்தில் அவர் வரைந்ததைச் சுரண்டி எடுப்பதும், எடுத்த இடத்தில் மீண்டும் வரைவதுமாகவே காலம் கழிந்தது. தனித் தாள்களில் வரைந்த உறுப்புகளை வெட்டிக் கான்வாஸின் மீது பொருத்திப் பார்த்து, இடம் மாற்றி, பிறகே வண்ணத்தில் வரைந்திருக்கிறார். வண்ணம் சீக்கிரம் காய்ந்து இறுகிவிடாமலிருக்கத் தாள்களை அதன்மேல் போர்த்தி வைத்திருக்கிறார். 1952-இன் தொடக்கத்தில் இனி இது தேறாது என்று முடிவு கட்டி, மரச்சட்டத்திலிருந்து கழற்றி ஒதுக்கியும் விட்டார். அவருடைய ஓவியக்கூடத்துக்கு வந்த கலை வரலாற்றறிஞர் மேயர் ஷபீரோ அந்தப் படம் என்ன ஆயிற்று என்று விசாரித்த பிறகுதான் அதை வெளியே எடுத்து மீண்டும் வேலையைத் தொடங்கினார். ரூடி பர்க்கார்ட் இடையிடையே எடுத்த புகைப்படங்களோடு விமர்சகர் தாமஸ் ஹெஸ் 1953 மார்ச்சில் 'ஆர்ட் நியூஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், அந்தப் பெண் எத்தனை முறை அழிந்து உருமாறினாள் என்பதைப் படிப்படியாகக் காணலாம்.

இரண்டு ஆண்டுகள் ஒருவர் தொடர்ந்து ஆத்திரத்தில் இருக்க முடியாது. இருந்தாலும், சுரண்டி எடுத்துவிட்டு மறுநாள் அதே வளைவை வேறு கோணத்தில் இழுத்துப் பார்க்கும் பொறுமை ஆத்திரத்துக்குக் கிடையாது. அப்படியானால் அந்தத் தீற்றல்கள் ஏன் அவ்வளவு வெறியோடு தெரிகின்றன? ஏனெனில் அப்படித் தெரிய வேண்டும் என்றே அவை இறுதியில் விட்டுவைக்கப்பட்டிருக்கின்றன. தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவர் மேடை அதிரச் சீறுகிறார் என்பதற்காக அந்தக் கலைஞர் கோபக்காரர் என்று நாம் முடிவு செய்வதில்லை. சீற்றம் வேடத்துக்கு உரியது என்பது நமக்குத் தெரியும். தூரிகைத் தீற்றலுக்கும் அந்தச் சலுகையை அளிக்க வேண்டும். தீற்றலில் வேகம், திசை, அழுத்தம், வண்ணத்தின் கனம் ஆகியவற்றை நாம் கண்ணால் காண்கிறோம். அவை படத்தின் பரப்புக்கு ஒரு கொந்தளிப்பைத் தருகின்றன. அந்தக் கொந்தளிப்பு படத்தின் பண்பு. அதைக் கொண்டு வரைந்தவரின் மனநிலைக்குச் சான்றிதழ் எழுத இயலாது.

இந்தத் தவறான எண்ணம் மருமகனுடையது மட்டுமன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1952 டிசம்பரில் ஹெரால்டு ரோஸன்பெர்க் என்ற விமர்சகர், அக்கால அமெரிக்க ஓவியர்களுக்குக் கான்வாஸ் என்பது ஒரு செயல் நிகழும் களம் என்று எழுதினார். அவர் சொன்னதன் நுட்பம் மறைந்து, 'உள்ளத்தில் பொங்கியதை அப்படியே கொட்டினார்கள்' என்ற எளிய கதை மட்டும் பரவிவிட்டது. இன்றும் அரூப வெளிப்பாட்டியம் எனப்படும் அந்த ஓவியர்களின் இயக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் அந்தக் கதையைத்தான் திரும்பச் சொல்கிறார்கள்.

இப்போது உங்களுக்கும் மகளுக்கும் இடையிலான வழக்குக்கு வருவோம். அந்த முகத்தில் இரண்டு உறுப்புகளே பேசுகின்றன: அகல விரிந்த பெரிய கண்களும், வரிசையாகத் தெரியும் பற்களும். நீங்கள் கண்களைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் வழக்கில் கண்ணை உருட்டுவது அதட்டலின் அடையாளம். கோயில் வாயிலில் நிற்கும் துவாரபாலகரின் பிதுங்கிய விழிகளையும் கோரைப்பற்களையும், காளியின் முகத்தையும் சிறுவயதிலிருந்து பார்த்துப் பழகிய கண்களுக்கு, விரிந்த விழியும் வெளித்தெரியும் பல்லும் சேர்ந்தால் உக்கிரம் என்றே படும். உங்கள் மகளோ விளம்பரப் பலகைகளும் பத்திரிகை அட்டைகளும் நிறைந்த சூழலில் வாழ்பவர். பல் தெரியும் பெண் முகம் அவருக்கு முதலில் நினைவூட்டுவது விற்பனைச் சிரிப்பை.

இருவருமே படத்தின் உண்மையான மூலங்களில் ஒவ்வொன்றைப் பிடித்திருக்கிறீர்கள் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. 'பெண் 1' இடம்பெறும் 'பெண்' வரிசை ஓவியங்களுக்காக 1950-இல் டி கூனிங் தாளில் செய்த ஒரு சிறு முன்னோட்டப் படம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் உடலும் முகமும் எண்ணெய் வண்ணத்தில் இருக்க, வாய் மட்டும் கேமல் சிகரெட் விளம்பரத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது. கலைந்து ஓடும் வண்ணத்துக்கு நடுவே அச்சகத்திலிருந்து வந்த அந்தச் சிரிப்பு மட்டும் வழவழப்பாக, எதற்கும் அசையாமல் இருக்கிறது. பின்னாளில் ஒரு நேர்காணலில் இதைப் பற்றிக் கேட்டபோது, நிஜமான ஒரு பொருள் படத்துக்குள் இருந்தது தமக்குப் பெரிய உதவியாக இருந்தது என்றார். அந்த இளிப்பு ஒருவேளை மெசபடோமியச் சிலைகளின் சிரிப்பைப் போன்றது என்றும், அந்தச் சிலைகள் நேராக நின்று வானத்தைப் பார்த்து, இயற்கையின் ஆற்றல்களைக் கண்டு மலைத்ததுபோலச் சிரிக்கின்றன என்றும் சொன்னார். ஆக, சிகரெட் விற்கும் வாயும் பழைய தெய்வ உருவின் வாயும் ஒரே வாயாக அங்கே சேர்ந்திருக்கின்றன. உங்கள் மகள் விளம்பரத்தைப் பார்த்தார். நீங்கள் தெய்வத்தைப் பார்த்தீர்கள்.

இனி மெய்ப்பாடு. உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை என்றாலும், நீங்கள் நடத்திய பாடத்தையே இந்தப் படத்தின் மீது பொருத்திப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளின் பெயரைச் சொல்வதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு நிலைக்களன்களையும், அதாவது பிறப்பிடங்களையும், தருகிறது. வெகுளிக்கு, அதாவது கோபத்துக்குச் சொல்லப்பட்ட உறுப்பறை (உறுப்பை அறுத்தல்), குடிகோள் (குடும்பத்துக்குக் கேடு செய்தல்), அலை (அடித்து வருத்துதல்), கொலை ஆகிய நான்கும் பிறர் ஒருவர் இழைக்கும் தீங்குகள். அதாவது வெகுளிக்கு இன்னொருவர் வேண்டும், ஒரு செயல் நடந்திருக்க வேண்டும். இந்தப் படத்தில் அவள் தனியாக அமர்ந்திருக்கிறாள். அவளுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. அவளும் யாரையும் நோக்கிக் கை ஓங்கவில்லை. கோபத்தின் அடையாளங்கள் போலத் தோன்றுபவை இருக்கின்றன, கோபத்தின் காரணம் எதுவும் இல்லை. மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு உரிய புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பவற்றை நினைத்துக்கொண்டு அந்த விரிந்த விழிகளை மறுபடி பார்த்தால், டி கூனிங் சிலைகளைப் பற்றிச் சொன்ன மலைப்பு அங்கே பொருந்துவது தெரியும்.

அடுத்து, அச்சத்தின் நிலைக்களன்களில் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது அணங்கு, அதாவது அச்சுறுத்தும் தெய்வம். அந்தப் படம் ஆறேகால் அடிக்கும் சற்று அதிக உயரம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். உட்கார்ந்திருக்கும் அந்த உருவம் நின்று பார்க்கும் நம் அளவுக்கு இருக்கிறது, நேராக நம்மையே பார்க்கிறது. அதன் முன் உங்களுக்கு உண்டானது அச்சம் என்று நான் ஊகிக்கிறேன். அச்சுறுத்தும் ஒன்றைக் காணும்போது 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்வதற்குப் பதிலாக 'அது கோபமாக இருக்கிறது' என்று சொல்வது மனித இயல்பு. உருவம் சிதைந்த ஓவியங்களைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் மிகுதியும் இந்த இடமாற்றமே நிகழ்ந்திருக்கிறது: பார்ப்பவரின் கலக்கம் உருவத்தின் துயரமாகவும், பார்ப்பவரின் அச்சம் உருவத்தின் சினமாகவும் பெயர் மாறிவிடுகின்றன. உரையாசிரியர்கள் விளக்கும் மெய்ப்பாடு, ஒருவருக்குள் நிகழ்வது அவர் உடல் வழியே காண்போருக்குப் புலனாவது. இந்தப் படத்தில் அந்த வழி பாதியில் அறுபட்டிருக்கிறது. உடலின் குறிகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பின்னால் ஒரு மனம் இருப்பதாகக் காட்டும் கதை இல்லை. வெற்றிடத்தை நாம் நம்முடைய உணர்ச்சியால் நிரப்பிக்கொள்கிறோம்.

சிரிப்பாகிய நகையையும் விட்டுவிடக் கூடாது. அதன் நான்கு பிறப்பிடங்களில் எள்ளல் முதலாவது. இந்தப் படங்களைப் பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பிப் பார்த்த டி கூனிங், அவை கூச்சலும் மூர்க்கமுமாகத் தெரிகின்றன என்று ஒப்புக்கொண்டார்; அதே மூச்சில், சிலை, குறி சொல்லும் தெய்வம் ஆகியவற்றோடு, எல்லாவற்றுக்கும் மேலாக அவற்றின் நகைப்பைத்தான் தாம் நினைத்ததாகவும் சொன்னார். அவர் சொன்னதால் அது உண்மையாகிவிடாது. ஆனால் படத்தைப் பார்த்தால் அதற்கு இடம் இருக்கிறது. பிரம்மாண்டமான தோள்களுக்கும் மார்புக்கும் மேல் அந்தச் சிகரெட் விளம்பரச் சிரிப்பு உட்கார்ந்திருப்பதில் ஒரு கேலி உண்டு. என்னுடைய தனிப்பட்ட கருத்தைக் கேட்டால், அச்சமும் எள்ளலும் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்கும் நிலையே அந்தப் படத்தின் உணர்ச்சி. அதில் ஒன்றை மட்டும் தேர்ந்து சொன்னால் படத்தின் பாதியைப் பார்க்காமல் விட்டதாகும்.

முகத்தோடு நின்றுவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நாம் பழக்கத்தால் உணர்ச்சியை முகத்தில் தேடுகிறோம். நவீன ஓவியர் பலர் அதை உடலின் ஓரங்களுக்கு மாற்றிவிட்டார்கள். இந்தப் படத்தில் தோளையும் மார்பையும் வளைத்துச் செல்லும் கறுப்புக் கோடுகள் திடமாகத் தொடங்கி, திடீரென்று அறுந்து, பின்புலத்தின் பச்சையும் ஆரஞ்சும் வெள்ளையும் அந்த இடைவெளி வழியாக உடலுக்குள் நுழைந்துவிடுகின்றன. கைகள் விரல் தெளியாத கோடுகளாகக் கரைகின்றன. அவள் எங்கே முடிகிறாள், அறை எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. மேலே அதட்டும் முகம், கீழே கரைந்துகொண்டிருக்கும் உடல். இந்த முரணை நீங்கள் கவனித்திருந்தால் 'கடுங்கோபம்' என்ற சொல் அவ்வளவு விரைவில் வாயில் வந்திருக்காது. வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை: சிவப்பு கோபம், நீலம் சோகம் என்று இணையத்தில் சுற்றும் அட்டவணைகளை இங்கே கொண்டு வராதீர்கள். எண்ணெய் வண்ணம் கண்டுபிடிக்கப்பட்டதே தசையை வரைவதற்காகத்தான் என்று 1950 வாக்கில் சொன்னவர் டி கூனிங். அந்த இளஞ்சிவப்பும் மஞ்சளும் முதலில் தசை. பிறகுதான் வேறு எதுவும்.

பெண்வெறுப்பு பற்றிய ஐயத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. 1953 மார்ச்சில் சிட்னி ஜானிஸ் காட்சிக்கூடத்தில் இந்த வரிசை முதன்முதலாக வைக்கப்பட்ட நாளிலிருந்தே அந்தக் குற்றச்சாட்டு இருந்துவருகிறது. அந்தப் பெண் தம்மோடு வாழ்ந்ததிலிருந்து பிறந்தவள் அல்லள், டி கூனிங்கின் மூன்றாம் வயதிலேயே தொடங்கியவள் என்று அவருடைய மனைவியும் ஓவியருமான எலைன் டி கூனிங் சொன்னது பலரும் எடுத்துக்காட்டுவது. டி கூனிங்கின் கடுமையான தாயை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது அது. ஒருவேளை தனக்குள் இருந்த பெண்ணைத்தான் வரைந்தேனோ என்று டி கூனிங்கே ஒருமுறை சொல்லியிருக்கிறார். இத்தகைய வாக்குமூலங்கள் எத்தனை கிடைத்தாலும் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒரு மனிதர் தம் நோக்கத்தைப் பற்றி வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறாகச் சொல்வது இயல்புதான். ஆகவே 'அவர் பெண்களை வெறுத்தாரா' என்ற கேள்விக்குக் கான்வாஸிலிருந்து விடை எடுக்க முடியாது. 'இந்தப் படம் பெண்ணுடலை எப்படி நடத்துகிறது' என்ற கேள்விக்கு எடுக்க முடியும். மார்பைப் பெருக்கி, கையைச் சிதைத்து, முகத்தை ஒரு விளம்பர இளிப்பாக்கி வைத்திருக்கும் படம் பெண்ணை மென்மையாக நடத்துகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு பெண்ணாக அதன் முன் நின்று உங்களுக்குக் கூசியிருந்தால், அந்தக் கூச்சம் படத்தைப் பற்றிய நியாயமான சாட்சியம். வரைந்தவரின் பெருமையைச் சொல்லி அதை யாரும் அடக்க வேண்டியதில்லை.

தோழியின் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தோன்றுவது எல்லாம் சரி என்றால் படத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. கண்ணை மூடிக்கொண்டும் தோன்றும். நான் மாணவர்களிடம் கேட்பது ஒன்றே: எந்த உணர்ச்சியை வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் அது படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டுங்கள். 'அச்சம்' என்றால் நேர்நோக்கும் விழியையும் உருவத்தின் அளவையும் காட்டலாம். 'கேலி' என்றால் வாயைக் காட்டலாம். 'நிலையின்மை' என்றால் அறுந்த கோடுகளைக் காட்டலாம். 'ஏக்கம்' என்று ஒருவர் சொன்னால், எனக்குத் தெரிந்தவரை காட்ட இடமில்லை. ஆனால் அவர் ஒரு தீற்றலைச் சுட்டிக் காட்டி விளக்கினால் நான் திரும்பப் போய்ப் பார்ப்பேன். சரியான விடை ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. தாங்கும் விடைகளும் தாங்காத விடைகளும் உண்டு என்கிறேன்.

கைப்பேசியில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு மீண்டும் வாதிடுவதாக எழுதியிருந்தால் அதையும் தடுத்திருப்பேன். இந்தப் படத்தில் எண்ணெய் வண்ணத்தோடு உலோகப் பூச்சும் சேர்ந்திருக்கிறது. வலது ஓரத்தை ஒட்டிய அந்தப் பகுதி நாம் நகரும்போது ஒளியை மாற்றி மாற்றித் தரும், புகைப்படத்தில் அது வெறும் சாம்பல் நிறமாக இறந்துவிடும். மகள் வீட்டுக்கு அடுத்த முறை செல்லும்போது, முதலில் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு தோளுக்குக் கீழே மட்டும் சிறிது நேரம் பாருங்கள். பிறகு உடலை மறைத்து முகத்தை மட்டும் பாருங்கள். அதன்பின் பக்கவாட்டில் நகர்ந்து, வண்ணம் எங்கே தடித்திருக்கிறது, எங்கே சுரண்டப்பட்டுக் கீழடுக்கு தெரிகிறது என்று கவனியுங்கள். மெட்ரோபாலிட்டனில் உள்ள அந்தச் சிகரெட் விளம்பர வாய்ப் படத்தையும் மகளுக்குக் காட்டுங்கள். தாளில் செய்த படங்களை ஒளியால் கெடாமலிருக்க அருங்காட்சியகங்கள் எப்போதும் வெளியில் வைத்திருப்பதில்லை. ஆகவே காட்சியில் இருக்கிறதா என்று அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துக்கொண்டு புறப்படுவது நல்லது.